டி.எஸ்.ஹெச். ஏறிவிட்டால் மாத்திரையைக் கூட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 43 வயது, 62 கிலோ எடை. தைராய்டு குறைவுக்காக நான்கு வருடமாகத் தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின் சாப்பிடுகிறேன். போன வருடம் 3.1 இருந்த டி.எஸ்.ஹெச். இப்போது 9.4. ஃப்ரீ டி4 நார்மல் என்றுதான் ரிப்போர்ட்டில் இருக்கிறது. காலை 6 மணிக்கு மாத்திரை, பத்து நிமிடத்தில் காபி. முழங்கால் வலிக்காக மூன்று மாதமாக டிபனுக்குப் பிறகு கால்சியம் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்கிறார்கள். அப்படியானால் ஹார்மோன் எப்படி ஏறும்? 100 மைக்ரோகிராம் ஆக்கிக்கொள்ளலாமா?

பதில்: குழப்பத்துக்குக் காரணம் பெயர். தைராய்டு டெஸ்ட் என்ற தலைப்பில் அச்சாகி வந்தாலும், டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பதுதான் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதை பிட்யூட்டரியும், அதற்கு மேலே உள்ள ஹைப்போதலாமஸும் ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கின்றன. குறைந்தால் ஹைப்போதலாமஸ் டி.ஆர்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்பி பிட்யூட்டரியைத் தட்டுகிறது, பிட்யூட்டரி டி.எஸ்.ஹெச். அனுப்பித் தைராய்டைத் தட்டுகிறது. கூப்பிட்டும் எழாதவரை இன்னும் உரக்கக் கூப்பிடுவது மாதிரி. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 9.4 அந்தக் கூப்பாட்டின் அளவு. (அந்த டி.ஆர்.ஹெச். வெறும் மூன்று அமினோ அமிலம். அதைப் பிரித்தெடுக்க விஞ்ஞானி கீமேனின் குழு ஆட்டு மூளைகளையும் விஞ்ஞானி ஷாலியின் குழு பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் அரைத்தன. 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.)

டி4 என்பது தைராக்சின்தான்; ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பகுதி ஃப்ரீ டி4. அது நார்மலாக இருக்கும்போது டி.எஸ்.ஹெச். மட்டும் ஏறுவதில் முரண்பாடு இல்லை. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.ஹெச். ஏறக்குறைய நூறு மடங்கு வரை ஏறக்கூடும். அதனால் டி4 நார்மல் எல்லைக்குள்ளேயே கொஞ்சம் சரிந்தாலும் பிட்யூட்டரி சத்தம் போட ஆரம்பித்துவிடும். ஆக, உங்கள் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் தைராக்சின் குறைந்திருக்கிறது. ஏன் குறைந்தது என்று பார்க்காமல் அளவை ஏற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

நீங்கள் எழுதியதிலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. தைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் சாப்பிட்டால்கூட 60 முதல் 80 சதவீதம்தான் உள்ளே போகும். கால்சியம் குடலிலேயே தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். 6 மணிக்கு ஒன்று, டிபன் முடித்து எட்டரைக்கு இன்னொன்று என்றால் இடைவெளி போதாது. இரும்புச் சத்து மாத்திரைக்கும் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துக்கும் இதே கணக்குதான். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வேறு வகை: அவை வயிற்று அமிலத்தையே குறைப்பதால் மாத்திரை சரியாகக் கரையாது, நேரத்தைத் தள்ளி வைத்தும் பயனில்லை. தினமும் சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது காபி. அதுவும் உறிஞ்சுதலைக் குறைக்கும். பத்து நிமிடம் போதாது. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் தண்ணீர் மட்டும். அதிகாலைக் காபியை விட முடியாதென்றால், இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். அப்போது கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் கார்பனேட் உணவோடுதான் நன்றாக உடம்பில் சேரும். மாத்திரை டப்பாவை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் தைராக்சினைக் கெடுக்கும்.

உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டு, அதே 75-ல் இருந்துகொண்டு 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அவ்வளவு காலம் ஏன்? டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். புதிய அளவில் நிலைபெற ஐந்து வாரம். பிட்யூட்டரி அதற்கும் பின்னால்தான் அடங்கும். இரண்டு வாரத்திலேயே டெஸ்ட் எடுத்தால் பழைய கூப்பாடுதான் கேட்கும். இப்போதே 100 ஆக்கிவிட்டு, கூடவே காபியையும் கால்சியத்தையும் சரிசெய்தால் இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சிவிடலாம். டி.எஸ்.ஹெச். 0.1-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து கூடும், எலும்பும் தேயும். எலும்புக்காகக் கால்சியம் சாப்பிடுகிறவருக்கு அது வேண்டாத வேலை.

காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. தைராக்சின் எடுக்கும் பெண் கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். பெரும்பாலும் அளவு உடனே கூட்டப்படும்.

டெஸ்ட் அன்று காலையில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கூடுதலாகக் காட்டும். டி.எஸ்.ஹெச். இரவில் உச்சத்திலும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரம், அதே லேப். முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். பல லேப்களின் முறையில் அது எண்களைத் திரித்துவிடும். வாரக்கணக்கில் மறந்துவிட்டு டெஸ்டுக்கு முந்தைய நான்கு நாள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுவதும் பலிக்காது. டி4 ஏறியிருக்கும், டி.எஸ்.ஹெச். இறங்கியிருக்காது; உண்மையைக் கண்டுபிடிக்க மருத்துவருக்கு அந்த ஜோடி எண் போதும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் டி.எஸ்.ஹெச். 4-5-க்கு மேலேயே நின்றால், சுரப்பியில் மிச்சமிருந்த திறனும் குறைந்திருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோயில் அப்படி மெல்ல மெல்லக் குறையும். சுரப்பி முழுதும் செயலிழந்தவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. உங்கள் எடைக்கு அது கிட்டத்தட்ட 100 வரும். ஆனால் 75-லிருந்து ஒரேயடியாக அங்கே தாவ வேண்டியதில்லை. நடுவில் 88 மைக்ரோகிராம் மாத்திரை கடையிலேயே கிடைக்கிறது; அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.