"சார், கையை எடுங்க!"

கேள்வி: என் அப்பாவுக்கு (58) காதுக்குப் பின்னால் மண்டையைத் திறந்து மூளைக் கட்டியை எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். ஆனால் நடுவில் சில விநாடிகள் இதயம் நின்று திரும்பியது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். இப்போது அப்பா நன்றாக இருக்கிறார். மூளையைத் தொட்டால் இதயம் ஏன் நிற்கிறது? இதயக் கோளாறை மறைத்துவிட்டார்களோ?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மறைப்பவர் வெளியே வந்து சொல்லியிருக்க மாட்டார் அம்மா.

மயக்க மருந்து கொடுப்பதுதான் என் வேலை. தியேட்டரில் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவேன். மானிட்டரின் 'பீப்' சீராகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை இதே மாதிரி ஆபரேஷன். சர்ஜன் கட்டியை நரம்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். 78-ல் இருந்த துடிப்பு 40-க்கு இறங்கியது. அப்புறம் சத்தமே இல்லை. "சார், கையை எடுங்க" என்றேன். எடுத்தார். துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசியை நான் போடுவதற்குள் 'பீப்' திரும்பிவிட்டது.

ரெக்கார்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அப்பாவுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை இழுத்தாலோ அழுத்தினாலோ செய்தி மூளைத்தண்டுக்குப் போகும். அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு 'மெதுவாகப் போ' என்று உத்தரவு வரும். சில சமயம் அந்த உத்தரவு கொஞ்சம் பலமாகிவிடும். பனிக்கட்டித் தண்ணீரில் முகத்தை முக்கினால் நாடித்துடிப்பு குறைவதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். கண்ணை அழுத்தினால் துடிப்பு குறையும் என்பது 1908-லேயே எழுதப்பட்ட விஷயம். ஆக, நல்ல இதயமும் நிற்கும். ஈசிஜி, எக்கோவில் இது முன்கூட்டியே தெரியாது.

வேறு காரணங்களும் உண்டு. உட்கார்ந்த நிலையில் ஆபரேஷன் செய்தால், திறந்த சிரை காற்றை உறிஞ்சி இதயத்துக்கு அனுப்பிவிடலாம். மூளையில் ரத்தக்கசிவு என்றால், அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து இதயத் தசையையே சோர்ந்துபோக வைக்கும். அவையெல்லாம் கையை எடுத்தவுடன் சரியாகிற சங்கதி இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இதை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். நாளைக்கு அப்பாவுக்குக் கண்ணிலோ தாடையிலோ ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும்.