வாகனம் – வாசகர் கேள்வி பதில்: பழைய ரோட்ஸ்டரும் பருவ மழையும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. எல்லாமே பழைய இரண்டு இருக்கைக் கார்களைப் பற்றியவை.

கேள்வி: ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த 1991 யூனோஸ் ரோட்ஸ்டர் 1.6 (மாஸ்டா எம்எக்ஸ்-5இன் ஜப்பானியப் பெயர்) வாங்கியிருக்கிறேன். மீட்டரில் 84,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போய்வருவதோடு சரி. மற்ற நாள்களில் கொட்டகையில் நிற்கிறது. பெயர் மாற்றியபோது புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தின் சோதனையில் தேறிவிட்டது. முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மீட்டரை விட்டுவிட்டு வயதைப் பாருங்கள். அந்தச் சோதனையில் பிரேக், விளக்கு, சேசிஸ் எண் எல்லாம் பார்ப்பார்கள். டைமிங் பெல்ட்டின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் ரப்பர்ப் பட்டை) மூடியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். உங்கள் காரில் முதலில் திறக்க வேண்டியதே அதைத்தான். பால் மரம் வெட்டிய ஊருக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயிலும் சூடும் எண்ணெயும் பட்டால் அது நின்ற இடத்திலேயே இறுகி வெடித்துவிடும்.

பெல்ட்டை ஏறக்குறைய 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதி வளையாது. ஆனால் கார் நடுவழியில் நின்றுவிடும். பெல்ட்டை எடுக்கும்போதே தண்ணீர் பம்ப், டென்ஷனர் பேரிங், ஐட்லர் பேரிங், கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) சீல் இரண்டு, முன்பக்க கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சீல், வால்வு கவர் கேஸ்கெட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பொருளுக்கு ஆகும் செலவைவிட அதே இடத்தை மறுபடி பிரிக்கும் கூலிதான் அதிகம். புதிய பெல்ட்டைப் போட்டபின் இரண்டு கேம் புல்லிகளிலும் உள்ள ‘I’, ‘E’ என்ற ஆங்கில எழுத்துக் குறிகளுக்கு இடையே 19 பற்கள் வருகின்றனவா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பல் தவறினாலும் எஞ்சின் இழுவை குறையும். பிறகு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் பழையபடி நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

1991 என்பதால் இன்னொன்றும் உண்டு. ஆரம்பகால 1.6 எஞ்சின்களில் கிராங்க் முனை குட்டையானது. கிராங்க் புல்லியில் நான்கு பிளவுகள் தெரிந்தால் உங்களுடையது அந்த வகை. எட்டு இருந்தால் பிந்தியது, கவலை இல்லை. குட்டை முனையில் நடு போல்ட் சரியாக முறுக்கப்படாவிட்டால் புல்லியை நிலையில் பூட்டும் சாவிக்காடி தேய்ந்து டைமிங் விலகும்; கிராங்க்கே வீணாகிவிடும். எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். போல்ட்டை முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் மட்டுமே முறுக்க வேண்டும், இம்பேக்ட் துப்பாக்கி வேண்டாம்.

எஞ்சினின் பின்புறம் எண்ணெய் ஒழுகினால் சில பட்டறைகளில் உடனே ‘பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்’ என்பார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் உள்ள, கேம் தண்டின் நிலையை அறியும் கேம் ஆங்கிள் சென்சாரைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதன் ஓ-ரிங்தான் இறுகியிருக்கும். சென்சார் நிற்கும் நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, 12 எம்எம் போல்ட்டைக் கழற்றி, ஓ-ரிங்கை மாற்றி, அதே கோட்டில் பொருத்த வேண்டும். கோடு விலகினால் இக்னிஷன் டைமிங்கும் விலகும். இந்த எண்ணெய் கீழே உள்ள ஹீட்டர் குழாய்களில் சொட்டி அவற்றை ஊறவைக்கும். குழாய் மெத்தென்று உப்பியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ரேடியேட்டரின் மேல் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் வெடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஹெட் அலுமினியம், ஒருமுறை கொதித்தாலே வளையக்கூடும். குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

எஞ்சின் எண்ணெய் 10டபிள்யூ-40, ஃபில்டரோடு சுமார் 3.4 லிட்டர். கார் அதிகம் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நாள்கணக்கில் நின்றபின் ஸ்டார்ட் செய்தால் கேட்கும் ‘டக் டக்’, வால்வை அழுத்தும் ஹைட்ராலிக் லிஃப்டரின் ஒலி. சூடானதும் அடங்கினால் பயமில்லை.

கேள்வி: மழை பெய்தால் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் ஈரமாகிறது. துணிக்கூரையை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கூரையில் விழும் நீர் இருக்கைக்குப் பின்னே இரண்டு ஓரங்களிலும் உள்ள வடிகால் குழாய்கள் வழியாக, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் இறங்க வேண்டும். இலைச் சருகும் தூசியும் அதை அடைக்கும். அரை லிட்டர் நீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கீழே வராவிட்டால் அடைப்பு. புல்வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலான் நரம்பை உள்ளே விட்டுத் தள்ளுங்கள். கம்பி வேண்டாம், குழாயைக் கிழிக்கும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், குழாயைக் கழற்றிவிடும்.

அடைபட்ட நீர் பக்கச் சட்டத்துக்குள் புகுந்து, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே உள்ளிருந்தே துருவேற்றும். வெளியே பெயிண்ட் கொப்புளிக்கும்போது உள்ளே இரும்பு போயிருக்கும். அங்கே காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் புட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். இந்தக் காருக்கு எஞ்சின் கிடைக்கும், கியர்பாக்ஸ் கிடைக்கும். அழுகிய உடலைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

பேட்டரி பின்பெட்டியில் இருப்பதால், வாயு வெளியேறும் குழாய் பொருத்தக்கூடிய வகையையே வாங்குங்கள். சாதாரண பேட்டரியின் அமிலப் புகை பெட்டியின் தகட்டை அரிக்கும்.

கேள்வி: கைப்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் மேட்டில் கார் நழுவுகிறது. கேபிளை இறுக்கலாமா?

பதில்: கேபிளில் கை வைக்காதீர்கள். அதை இறுக்கினால் காலிப்பரின் (பேட்டை அழுத்தும் பகுதி) கை முழுதாகத் திரும்பாது, பேட் உரசிக்கொண்டே ஓடும். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கைப்பிரேக்கை இறக்கிவிடுங்கள். பின் காலிப்பரின் பின்புறம் 14 எம்எம் போல்ட் ஒன்று மூடிபோல் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 எம்எம் ஆலன் திருகு. சக்கரம் பூட்டும்வரை வலஞ்சுழியாகத் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னால் விடுங்கள். இரண்டு பக்கமும் செய்தபின் கைப்பிரேக் 5 முதல் 7 ‘கிளிக்’குக்குள் பிடிக்க வேண்டும். அதன் பிறகும் தளர்வாக இருந்தால் மட்டுமே கேபிள்.

கேள்வி: டயர் பூ (தரையில் படும் வரிகள்) நன்றாக இருக்கிறது, மாற்றச் சொல்கிறார்களே?

பதில்: பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்த வயது டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. உங்களுடையதும் அப்படிப் பழையதென்றால், மாற்றச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 185/60 ஆர்14, காற்று 26 பிஎஸ்ஐ.