ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் பொதுதானே? வளர்ச்சி நின்றுபோன ஒன்றை ஃபோர்க் செய்தால், அதாவது அதன் நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக வளர்த்தால், ஏன் சண்டை வருகிறது?

மூலநிரல் பொதுதான், ஆனால் பெயர் ஒருவர் கையில்தான் இருக்கும். நான் கவனித்தவரை, பெரும்பாலான சண்டைகள் அந்தப் பெயரை வைத்துத்தான் நீள்கின்றன.

2018-ல் என் அத்தை, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஊர்க் கோயிலின் தல வரலாற்றைத் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் கேட்டார். "ஓப்பன் ஆஃபீஸ் போட்டுக்கோங்க அத்தை, காசு கிடையாது" என்று போனில் சொன்னேன். என் கணினியில் இருந்தது அதிலிருந்து பிரிந்து வளர்ந்த லிப்ரே ஆஃபீஸ். பல வருடப் பழக்கத்தில் பழைய பெயர் வாயில் வந்துவிட்டது. அத்தை அந்தப் பெயரைத் தேடி, இறக்கி, மூன்று மாதம் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அச்சகத்தில் மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு கேட்டார்கள். ஓப்பன் ஆஃபீஸ் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், ஆனால் அந்த வடிவில் சேமிக்காது. பழைய டாக் வடிவில் சேமித்துக் கொடுத்ததில் அடிக்குறிப்புகள் இடம் மாறிப்போயின. "புதுசாத்தானே இறக்கினேன்?" என்று அத்தை கேட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இது ஏன் நடந்தது என்று புரிய 2010-க்குப் போக வேண்டும். ஓப்பன் ஆஃபீஸை வளர்த்த சன் நிறுவனத்தை அந்த ஆண்டு ஜனவரியில் ஆரக்கிள் வாங்கி முடித்தது. திட்டத்தில் உழைத்தவர்களில் பலருக்கு நம்பிக்கை போய்விட்டது. செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்து, லிப்ரே ஆஃபீஸ் என்ற பெயரில் ஃபோர்க் செய்தார்கள். அது தற்காலிகப் பெயர் என்றுதான் அப்போது சொன்னார்கள். பழைய பெயரைத் தரும்படி ஆரக்கிளைக் கேட்டார்கள், தரவில்லை. புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்தின் சமூகக் குழுவிலிருந்து விலக வேண்டும் என்று பேச்சு வந்தது. பிரிவு அத்தோடு முடிவானது.

அடுத்த வருடமே ஆரக்கிள் கையைக் கழுவியது. 2011 ஜூனில் மூலநிரலையும் பெயரையும், ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இங்கேதான் உரிமம் குறுக்கே வந்தது. அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரே ஆஃபீஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆஃபீஸின் நிரலை அப்பாச்சி தன் விதிப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஓப்பன் ஆஃபீஸ் 4.0-இல் வந்த பக்கப்பட்டை லிப்ரே ஆஃபீஸுக்கும் போனது. மறுபக்கமாக எதுவும் வர வழியில்லை. அப்பாச்சி தரப்பில் இருந்தவர்களுக்கு இது கசந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாம் செய்ததை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அவர்கள் செய்தது நமக்கு இல்லை என்றால் யாருக்குத்தான் மனம் கோணாது? ஆனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள விடும் தாராளமான உரிமம் வேண்டும் என்று விரும்பித் தேர்ந்ததும் அவர்கள்தான்.

அப்புறம் அப்பாச்சி பக்கம் ஆட்கள் குறைந்தார்கள். ஓப்பன் ஆஃபீஸ் 4.1 வந்தது 2014-ல். அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் சின்னச் சின்னத் திருத்தங்கள். 2016 ஜூலையில், தீய நோக்கத்தோடு உருவாக்கிய விளக்கக்காட்சிக் கோப்பைத் திறந்தாலே ஆபத்து என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டபோது, அதை அடைத்த புதிய பதிப்பு கையில் இல்லை. ஆகஸ்டில் வந்த பேட்ச்சை, அதாவது ஓட்டையை மட்டும் அடைக்கும் திருத்தத்தை, கோப்பு ஒன்றைக் கையால் மாற்றி வைத்து நிறுவ வேண்டியிருந்தது. என் அத்தை அதைச் செய்வாரா? முழுப் பதிப்பான 4.1.3 அக்டோபரில்தான் வந்தது. இடையில், செப்டம்பரில், திட்டத்தின் துணைத் தலைவர் பொறுப்பில் இருந்தவரே இதற்கு ஓய்வு கொடுப்பது பற்றிப் பேச்சை எடுத்தார். முடிவு ஓய்வு வேண்டாம் என்றானது.

2020 அக்டோபரில், ஓப்பன் ஆஃபீஸுக்கு 20 வயதானபோது, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் அப்பாச்சிக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதியது. இன்னும் புதிய, நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு மென்பொருள் இருக்கிறது என்பதை உங்கள் பயனர்களுக்குத் தெரியப்படுத்துங்கள் என்பதுதான் சாரம். அது நடக்கவில்லை.

யார் பக்கம் நியாயம் என்றால், நான் ஃபோர்க் செய்தவர்கள் பக்கம். ஆனாலும் அப்பாச்சியில் மிச்சமிருந்து சம்பளம் இல்லாமல் திருத்தம் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய மென்பொருளைப் பராமரிப்பது அவர்கள் உரிமை. எனக்கு வருத்தம் ஒன்றில்தான். கணினி பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் அந்தப் பெயரை நம்பி வருகிறார்கள். வேகமாக வளர்வது வேறிடத்தில் இருக்கிறது என்று இறக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரு வரி!

பெயர் வைத்திருப்பவர்கள் இறங்கி வந்ததும் உண்டு. நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் வளர்ச்சி மந்தமாக இருக்கிறது என்று 1997-ல் சிலர் ஈஜிசிஎஸ் என்று பிரித்துக்கொண்டு போனார்கள். ஃபோர்க் நன்றாக ஓடியது. 1999-ல் ஜிசிசியைத் தன் கையில் வைத்திருந்த கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்தக் குழுவையே ஜிசிசியின் அதிகாரப்பூர்வப் பராமரிப்பாளர்களாக ஏற்றுக்கொண்டது. இன்று ஜிசிசி என்று நாம் பயன்படுத்துவது அந்த ஃபோர்க்கின் வழிவந்ததுதான். பயனர்கள் எங்கேயும் மாறிப் போக வேண்டியிருக்கவில்லை.

சரி, அத்தை விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் லிப்ரே ஆஃபீஸ் போட்டுக் கொடுத்தேன். இரண்டும் ஓடிடி வடிவத்தில்தான் சேமிக்கின்றன, அதனால் மூலக் கோப்பு அடிக்குறிப்புகளோடு அப்படியே திறந்தது. டாக்எக்ஸாகச் சேமித்து, அச்சகத்துக்கு அன்று மாலையே அனுப்பினோம்.