காக்டெய்லுக்கு ஹார்னஸ்: பெரிய சைஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

கேள்வி: எங்கள் காக்டெய்லுக்கு (தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளி வகை) ஒரு வயது. வெளியே கொண்டுபோய் வெயில் காட்டலாம் என்று ஆன்லைனில் ஒரு ஹார்னஸ், அதாவது பறவையின் உடம்பில் மாட்டிக் கயிற்றோடு பிடித்துக்கொள்ளும் பட்டை, வாங்கினேன். சட்டை மாதிரி நெஞ்சைச் சுற்றி வெல்க்ரோ போட்டு ஒட்டுவது. மாட்டியதும் பறவை ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடுகிறது. பெரிய சைஸ் மாற்றி வாங்கவா, இல்லை போகப்போகப் பழகிவிடுமா?

பதில்: இரண்டும் வேண்டாம், முதலில் அதைக் கழற்றுங்கள். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் உள்ளே காற்று போகும். அந்த இடத்தை இறுக்கிக் கட்டினால் மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் மூச்சு திணறும். உங்கள் பறவை வெறும் பயத்தில்கூடச் சாய்ந்திருக்கலாம், ஆனால் அது பயமா திணறலா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதபோது பழகட்டும் என்று விட்டுவைக்கக் கூடாது. பெரிய சைஸும் தீர்வல்ல. தொளதொளவென்று கிடக்கும் பட்டையில் அலகோ காலோ சிக்கும், அல்லது ஒரு சிறகை உருவிக்கொண்டு பறந்தே போய்விடும்.

சமையலறைத் தராசில் காலையில் இரை வைப்பதற்கு முன் எடை பாருங்கள். வளர்ந்த காக்டெய்ல் பெரும்பாலும் 80 முதல் 120 கிராம் வரை இருக்கும். சைஸைக் கிராம் கணக்கில் போடாமல் "கிளிகளுக்கு, சிறியது" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். வெல்க்ரோ, கொக்கி எதுவும் இல்லாமல், தலை வழியாகப் போட்டுச் சிறகுகளை நுழைத்து முதுகுப் பக்கம் இழுத்துச் சரிசெய்கிற ஒற்றை வாரால் ஆன வகைதான் என் தேர்வு. மலிவான கொக்கிகளில் துத்தநாகப் பூச்சு இருக்கும், பறவை அதைக் கடித்து விழுங்கினால் விஷம். கயிறு கொஞ்சம் இழுபடுகிற எலாஸ்டிக்காக இருக்கட்டும், ஏனென்றால் திடுக்கிட்டுப் பறந்து கயிற்றின் முனைக்கு வரும்போது அந்த வெட்டிழுப்பு முழுக்க நெஞ்சில்தான் விழும். அப்புறம், அலகு பட்ட பொருளைப் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை. லேபிளைக் கிழிக்கும் முன்பே தையல், அளவு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

சரி, பழக்குவது. முதல் சில நாள் ஹார்னஸ் கூண்டுக்கு அருகே சும்மா கிடக்கட்டும். பிறகு தலை நுழையும் வளையத்தை அகலமாக விரித்து இடது கையில் பிடியுங்கள், வலது கையில் தினைக்கதிரை வளையத்துக்கு அந்தப் பக்கம் நீட்டுங்கள். நீங்கள் மாட்டக் கூடாது, அதுவாகக் கழுத்தை நீட்டி எட்டிக் கொத்த வேண்டும். கொண்டையைக் கவனியுங்கள். தலையோடு ஒட்டப் படிந்து, புஸ்ஸென்று சீறினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள், ஒருமுறை பிடித்து அமுக்கி மாட்டிவிட்டால் ஒரு மாதம் பழக்கியதும் போய்விடும். தலை சுலபமாக நுழைந்த பிறகுதான் சிறகு, அதுவும் மடித்த நிலையில், நுனியைப் பிடித்து இழுக்காமல். புது இறகு முளைக்கும் காலத்தில் இதைத் தொடவே தொடாதீர்கள், அந்தக் குருத்துக்குள் ரத்தம் ஓடும், ஒடிந்தால் நிற்காமல் ஒழுகும். மாட்டிய பிறகு பட்டைக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறதா பாருங்கள். சில பறவைகளுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். வீட்டுக்குள் நிம்மதியாக அணிந்து திரிகிற வரை வாசலைத் தாண்ட வேண்டாம்.

தினமும் வாரை விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு சாயங்காலம் தோள்பக்கத் தையலில் இரண்டு இழை நீட்டிக்கொண்டிருந்தது, மறுநாள் பார்த்தால் பாதி வார் கத்தரித்துக் கிடந்தது. நல்லவேளை, அன்று வெளியே போகவில்லை.

உங்களுக்கு வேண்டியது வெயில்தான் என்றால் ஹார்னஸைவிட முதலில் ஒரு சின்ன பயணக் கூண்டு வாங்குங்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் பறவைக்குத் தேவையான புறஊதாக் கதிர் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும், அதனால் திறந்த வெளி தேவை, ஆனால் கூண்டுக்குள்ளேயே அது கிடைக்கும். பாதிக்கு நிழல் விட்டு, கூடவே உட்கார்ந்திருங்கள். வாயைத் திறந்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் உடனே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: சிறகு வெட்டிய கிளிக்கும் ஹார்னஸ் தேவையா?

பதில்: தேவை. வெட்டிய சிறகோடும் ஒரு நல்ல காற்று வந்தால் மேலே தூக்கிப்போய்விடும், பிறகு இறங்கத் தெரியாமல் உயரத்தில் மாட்டிக்கொள்ளும். பருந்தும் பூனையும் அதற்குள் பார்த்துவிடும்.

கேள்வி: காலில் மாட்டும் வளையமும் சங்கிலியும் விலை குறைவாகக் கிடைக்கிறதே?

பதில்: வாங்காதீர்கள். திடுக்கிட்டுப் பறந்தால் மொத்த விசையும் ஒற்றைக் காலில் இறங்கும், எலும்பு முறியும். பட்ஜி மாதிரி 30, 40 கிராம் பறவைக்கு ஹார்னஸும் வேண்டாம், பயணக் கூண்டே போதும்.