போருக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்கள்: உங்கள் வண்டி எந்த மாடல்?

இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டனில் ஓடிய கார்களை அடையாளம் காண்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதிக் கேள்விகள் ஆஸ்டின் செவன் என்ற சின்னக் கார் பற்றியவை. 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் வந்தன, அதனால் இன்றும் ஏதோ ஒரு கொட்டகையிலிருந்து ஒன்று வெளிப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: லெஸ்டரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு சின்னக் கறுப்புக் கார் இருக்கிறது. பேட்ஜ் இல்லை. ஃபோர்டு என்கிறார் ஒருவர், மோரிஸ் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது அண்ணா?

இரண்டு பேரையும் விடுங்கள், குனிந்து அடியில் பாருங்கள். அந்தக் காலச் சின்ன சலூன்கள் (கூரை மூடிய கார்கள்) தூரத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்பிரிங் அமைப்பில் குழப்பமே வராது.

1932-இல் வந்த ஃபோர்டு ஒய் மாடலில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே பட்டை ஸ்பிரிங். இரண்டும் வண்டியின் குறுக்கே, இடமிருந்து வலமாகக் கிடக்கும். 1934-இல் வந்த மோரிஸ் எய்ட்டில் நான்கு ஸ்பிரிங், எல்லாமே நீளவாக்கில், சக்கரத்துக்கு ஒன்று. முன்னால் குறுக்கே ஒன்றும், பின்னால் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) முனையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்பங்கு வளைவு ஸ்பிரிங் இரண்டும் இருந்தால் அது ஆஸ்டின் செவன்.

இன்னும் சந்தேகம் இருந்தால் பிரேக்கைப் பாருங்கள். மோரிஸ் எய்ட்டில் ஹைட்ராலிக் பிரேக், சக்கரத்துக்கு ஆயில் குழாய் போகும். ஃபோர்டில் இரும்புக் கம்பிகள்தான் இழுக்கும். ஹெட்லைட் மட்கார்டுக்குள்ளேயே பதிந்திருந்தால் 1938-இல் வந்த மோரிஸ் எய்ட் ஈ சீரிஸ். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

கேள்வி: எங்களுடையது ஆஸ்டின் செவன்தான். எந்த வருடம் என்று எப்படிச் சொல்வது?

முதலில் டேப்பை எடுங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை அளந்து பாருங்கள். 75 அங்குலம் வந்தால் பழைய குட்டை சேசிஸ். 81 வந்தால் 1931-இன் பிற்பகுதிக்கு மேல் வந்த நீள சேசிஸ். ஸ்போர்ட்ஸ் வகைகளை விட்டுவிட்டால் சலூன்களுக்கு இது நல்ல எல்லைக்கோடு.

அடுத்து ரேடியேட்டர். பளபளக்கும் உலோகச் சட்டம் வெளியே தெரிந்தால் அது 1934-க்கு முந்தைய சலூனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டு வந்த ரூபி என்ற செவன் வகையில் ரேடியேட்டரை உடலின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த மூடிக்குள் வைத்துவிட்டார்கள். உலோகச் சட்டம் இருந்தால் அதன் நிறத்தை வெயிலில் கூர்ந்து பாருங்கள். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், குரோம் நீலம் தட்டும். 1930-ஐ ஒட்டித்தான் நிக்கல் போய் குரோம் வந்தது. மறுபடி பூச்சுப் போட்ட வண்டியில் இந்தச் சோதனை செல்லாது.

கியர்பாக்ஸை வைத்து முடிவு கட்ட வேண்டாம். முதலில் மூன்று கியர், 1932-இலிருந்து நான்கு என்பது சரிதான். ஆனால் செவனின் எஞ்சினும் கியர்பாக்ஸும் வண்டிக்கு வண்டி மாறிக்கொண்டே இருந்தன. சேசிஸைத்தான் யாரும் எளிதில் மாற்ற முடியாது.

கேள்வி: செவன் என்றால் ஏழு குதிரைத்திறனா? இவ்வளவு குறைவாகவா?

அது வரிக்கான கணக்கு. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, வர்க்கப்படுத்தி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுப்பார்கள். செவனின் விட்டம் 2.2 அங்குலம், நான்கு சிலிண்டர், வருவது 7.7 சொச்சம். 1921 முதல் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு வரி, 1935-இல் 15 ஷில்லிங்காகக் குறைத்தார்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது கணக்கிலேயே இல்லை. அதனால்தான் அந்தக் கால பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஒல்லியாக, உயரமாக இருக்கின்றன. ஆல்விஸ் 12/50 போன்ற பெயர்களில் முதல் எண் வரிக்கானது, இரண்டாவதுதான் எஞ்சின் தரும் திறன்.

கேள்வி: ஸ்வாலோ என்று பேட்ஜ் இருக்கிறது, ஆனால் மெக்கானிக் ஆஸ்டின் என்கிறார். போலியா?

இல்லை, இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 1927-இல் பிளாக்பூலில் வில்லியம் லயன்ஸின் ஸ்வாலோ நிறுவனம் ஆஸ்டின் செவன் சேசிஸ் மேல் தன் அழகான பாடியைக் கட்டி விற்றது. பின்னாளில் ஜாகுவார் ஆனது அந்த நிறுவனம்தான். விலை உயர்ந்த வண்டிகளில் இது இன்னும் சகஜம். ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி எல்லாம் சேசிஸாகத்தான் விற்றார்கள், பாடியை வேறு பட்டறை கட்டியது.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. போருக்குப் பின் பல செவன் சலூன்களின் பாடியைக் கழற்றி வீசிவிட்டு ரேஸ் வண்டியாக மாற்றினார்கள். இன்று அல்ஸ்டர் (செவனின் ஸ்போர்ட்ஸ் வகை) என்று விற்பனைக்கு வரும் பலவும் அப்படிக் கட்டியவையே. ஓட்ட அருமையாக இருக்கும், ஆனால் அசல் அல்ஸ்டரின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு பழைய போட்டோவில் நம்பர் OX என்று தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டு வண்டிதானே?

பர்மிங்ஹாம். ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்கு FC முதலான எழுத்துகள். மூன்று எழுத்து இருந்தால் கடைசி இரண்டுதான் ஊரைக் காட்டும், வண்டியும் 1932-இலோ அதற்குப் பின்னோ பதிவானது. இரண்டு எழுத்து என்பதால் மட்டும் அதற்கு முந்தையது என்று சொல்ல முடியாது, ஒவ்வோர் ஊரும் வெவ்வேறு சமயத்தில்தான் மூன்று எழுத்துக்கு மாறியது. பதிவேடுகள் அந்தந்த மாவட்ட நிர்வாகத்திடம் இருந்தன. பல அழிந்துவிட்டன, சில மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். எழுதிக் கேளுங்கள்.

போட்டோவில் வேறு தடயங்களும் இருக்கும். L பலகை இருந்தால் படம் 1935-க்கு முன் எடுத்ததாக இருக்காது. மட்கார்டு ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட், ஹெட்லைட்டில் மூடி இருந்தால் போர்க்கால இருட்டடிப்பு. இவை படத்தின் காலத்தைத்தான் சொல்லும், வண்டி இன்னும் பழையதாக இருக்கலாம்.

கேள்வி: பதிவுப் புத்தகத்தில் 1934 நவம்பர். விற்பவர் 1935 மாடல் என்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை. அக்டோபரில் லண்டன் ஒலிம்பியா கார் கண்காட்சியை ஒட்டி அடுத்த வருட மாடல்கள் வந்துவிடும். கண்காட்சி முடிந்து பதிவானது 1935 மாடலாகவே இருக்கலாம். ஆனால் விற்காமல் தேங்கிய பழைய சரக்கும் அதே மாதத்தில் பதிவாகியிருக்கும். சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சேசிஸ் எண் துருவுக்குள் மறைந்திருக்கிறது. கிரைண்டர் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த எண் போனால் வண்டியின் சரித்திரமே போச்சு. மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஓர் இரவு சுற்றி வையுங்கள், பிறகு பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்லத் தேயுங்கள். அப்புறம் இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், பதிந்த எழுத்துகளின் நிழல் விழும். பெயின்ட் அடிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். படத்தை அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.