கேள்வி – பதில்: டீசலை மறிக்கும் சொலினோயிட்

டீசல் எஞ்சினில், மின்னை நிறுத்தி அணைக்க ஸ்பார்க் பிளக் இல்லை. டீசல் போவதை மறித்தால்தான் அது நிற்கும். எஞ்சினை நிறுத்தத் திறப்பைத் திருப்பியதும் அந்த மறிப்பைச் செய்வது ஒரு சின்ன சொலினோயிட், அதாவது மின்னால் ஒரு தண்டை அசைக்கும் சுருள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான்.

பழைய டொல்பின் வேனுக்குப் பஞ்சிகாவத்தையில் புதுச் சொலினோயிட் வாங்கி, புது வயர் இழுத்துப் போட்டேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. திறப்பை விடும்போது மட்டும் ஒரு தரம் உறுமுகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். – வெள்ளவத்தை வாசகர்

மறுத்தது சரிதான். பொருள் நல்லது, வயர்தான் பிழை. ரேடியோவுக்குப் போகும் வயரிலிருந்து மின் எடுத்திருப்பீர்கள். ஸ்டார்ட் நிலைக்குத் திறப்பு போனதும் அந்த வயரில் மின் நின்றுவிடும், சொலினோயிட் மூடிக்கொள்ளும், டீசல் இல்லாமல் எஞ்சின் வெறுமனே சுற்றும். ஒரு டெஸ்ட் பல்பை எடுத்து, ‘ஒன்’ நிலையிலும் ஸ்டார்ட் பண்ணும்போதும் அணையாத வயர் எது என்று பாருங்கள். பியூஸ் ஒன்றையும் வைத்து அதில் கொடுங்கள். திறப்பை ‘ஒன்’ செய்ததும் டீசல் பம்பில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும்.

12 வோல்ட் எஞ்சினுக்கு 24 வோல்ட் சொலினோயிட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? – மருதானை

வேண்டாம்.

2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பாவித்த ஜெனரேட்டர். மூன்று வயர் உள்ள சொலினோயிட். ஒரே மாதத்தில் இரண்டு எரிந்துவிட்டன. போலிச் சாமான் என்கிறார் எலக்ட்ரீஷியன். – கொட்டாஞ்சேனை

போலியாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் அந்த எலக்ட்ரீஷியனிடம் ஒன்று கேளுங்கள்: மூன்று வயர் எதற்கு?

உள்ளே இரண்டு சுருள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான எர்த். ஒன்று தண்டை இழுக்கும், மற்றது இழுத்ததைப் பிடித்து வைத்திருக்கும். இழுக்கும் சுருள் 12 வோல்ட்டில் 30 முதல் 60 அம்பியர் வரை குடிக்கும். பிடிக்கும் சுருளுக்கு ஓர் அம்பியர் அளவே போதும். அதனால் இழுக்கும் சுருளுக்கு ஸ்டார்ட்டர் சுற்றும் அந்தச் சில நொடிகள்தான் மின் போக வேண்டும். பிடிக்கும் சுருளுக்கு எஞ்சின் ஓடும் வரை போக வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கித் திறப்பில் கொடுத்தால், எந்த நாட்டுச் சாமானாக இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் புகையும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

மீட்டர் இருந்தால் சுலபமாகப் பிரிக்கலாம். ஒரு ஓமுக்கும் கீழே காட்டுவது இழுக்கும் சுருள். பத்து ஓமுக்கு மேலே காட்டுவது பிடிக்கும் சுருள். இழுக்கும் சுருளுக்குத் தடித்த வயரில், பற்றரியிலிருந்து நேராக, ஒரு பெரிய றிலே (சிறு மின்னால் பெரிய மின்னைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகக் கொடுங்கள். அந்த றிலேயை ஸ்டார்ட்டரின் சிக்னல் இயக்கட்டும். ஹோர்ன் றிலே இதற்குத் தாங்காது. புறக்கோட்டையில் நான் வாங்கிய ஒன்றின் முதுகில் ‘40 அம்பியர்’ என்று பெரிதாக அடித்திருந்தது. கருகிய பிறகு உடைத்துப் பார்த்தால் தொடுமுனை மிளகாய் விதை அளவுகூட இல்லை. அப்புறம், தண்டு கடைசி வரை உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். கம்பி இணைப்பின் நீளம் பிழைத்துத் தண்டு பாதியில் நின்றால், பிடிக்கும் சுருளுக்கு அதைத் தாங்கப் பலம் போதாது.

மீன்பிடிப் படகு எஞ்சினுக்கு, மின் கொடுத்தால் ஓடும் வகைச் சொலினோயிட் மலிவாக வருகிறது. இப்போது இருப்பது மின் கொடுத்தால் நிற்கும் வகை. – முகத்துவாரம்

இருப்பதையே வைத்திருங்கள். உப்புக் காற்றில் ஒரு வயர் அறுந்தாலும் உங்கள் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மற்ற வகையில் அதே வயர் நடுக்கடலில் உங்களை நிறுத்திவிடும். கரையில் ஆளில்லாமல் ஓடும் ஜெனரேட்டருக்கு அந்த மற்ற வகைதான் நல்லது. பழுது வந்தால் அது தானாக நிற்கும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கராஜில் புதுச் சொலினோயிட் போட்டதாகக் காசு வாங்கினார்கள். இப்போது திறப்பை எடுத்தாலும் வேன் நிற்பதில்லை. கியரில் போட்டுத்தான் நிறுத்துகிறோம். வேறொருவர் கழற்றிப் பார்த்தால் பழைய சொலினோயிட்தான், உள்ளே தண்டைக் காணோம். – தெஹிவளை

ரீச்சர், இது பச்சை ஏமாற்று. தண்டை உருவிவிட்டால் டீசல் எப்போதும் திறந்தே இருக்கும், வண்டி ஓடும், கராஜ்காரருக்கு வேலை முடிந்தது. ஆனால் தீப்பிடித்தால் திறப்பால் எஞ்சினை நிறுத்த வழியில்லை. சரியான சொலினோயிட் போடும் வரை அந்த வேனை யாருக்கும் கொடுக்காதீர்கள். கழற்றியதைப் படம் எடுத்து, பார்த்தவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி, பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். வழி கேட்க 1977க்கு அழைக்கலாம்.

பில் என்றதும் எனக்குக் கோபம் வரும். ‘பார்ட்ஸ் – 1’ என்று எழுதிய துண்டுகள் என் லாச்சியில் கிடக்கின்றன. ஒன்று, வாங்கிய வாரமே செத்துப்போன தண்ணீர் மோட்டாருடையது. அந்த ‘பார்ட்ஸ்’ மோட்டாரா, வாளியா என்று எப்படி நிரூபிப்பது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தரத்தான் வேண்டும். சும்மா வாங்காதீர்கள், வோல்ட், பார்ட் நம்பர், எத்தனை வயர், புதிதா பாவித்ததா என்று எழுதச் சொல்லி நில்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பில் இல்லை, கடையின் பெயரும் மறந்துபோச்சு. சொலினோயிட் வேலை செய்யவில்லை. காசைத் திரும்ப வாங்க முடியுமா? – கிராண்ட்பாஸ்

முடியாது.