டயரை யாரும் பார்க்கவில்லை

கேள்வி: என் ஊர் கோத்தகிரி. வயது 25. ஆறு ஆண்டுகளாகச் சாலை சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறேன். சம்பளம் தரும் அணியில் சேர மூன்று முறை முயன்றேன். முதல் முறை மழை. அடுத்த முறை முன்னால் போனவன் விழுந்து, அவன்மேல் நானும் விழுந்தேன். கடைசியாக, நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தபோது பஞ்சர். பாலிடெக்னிக்கை நிறுத்திவிட்டு என் தம்பி தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிறான். அந்த வாரம் அவனுக்கு இரவு வேலை என்பதால் டயரை யாரும் பார்க்கவில்லை. திறமை இருந்தும் அதிர்ஷ்டம் இல்லாத நான் பந்தயத்தை விட்டுவிடலாமா?

பதில்: ‘யாரும் பார்க்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘யாரும்’ என்பதில் நீங்கள் சேர்த்தியா, இல்லையா?

அதிர்ஷ்டம் என்று ஒன்று உண்டு. 1971 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் ஸ்பெயினின் லூயிஸ் ஒகானா ஏழு நிமிடத்துக்கு மேல் முன்னிலையில் இருந்தார். மலையிறக்கத்தில் ஆலங்கட்டி மழை. வழுக்கி விழுந்தவர் எழும்போது பின்னால் வந்தவர் மோதினார். பந்தயம் அங்கேயே முடிந்தது. அவர் அழுதால் நானும் கூட அழுவேன்.

உங்கள் கணக்கு வேறு. மழை உங்கள்மேல் மட்டுமா பெய்தது? கூட்டத்தின் முன்வரிசையில் ஓட்டினால், விழுந்து வழிமறிக்க அங்கே ஆள் குறைவு. அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் காலில் தெம்பு வேண்டும். அதற்குப் பெயர்தான் திறமை. பஞ்சரில் பாதி, முதல்நாள் இரவே டயரில் ஏறி உட்கார்ந்திருக்கும். சக்கரத்தை மெல்லச் சுற்றி, கட்டைவிரலால் தடவி, ரப்பருக்குள் புதைந்த கல் துணுக்கை ஊசி முனையால் கிளறி எடுக்கப் பத்து நிமிடம் போதும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பழகிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

அதே டூர் டி பிரான்ஸில், 1913இல் பிரான்சின் எஜேன் கிறிஸ்தோஃப் தூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் போட்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊத ஒரு சிறுவனைச் சேர்த்துக்கொண்டதற்காக அவருக்கு அபராத நிமிடங்கள் விதித்தார்கள். அநியாயம்தான். ஆனாலும் அந்தத் துருத்திக்காரப் பையனைக் கணக்கில் சேர்த்தார்கள். நீங்கள் உங்கள் வீட்டுப் பையனைச் சேர்க்கவில்லை.

இரவெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, பனியில் நனைந்து வருகிறவன் உங்கள் டயரையும் தடவிப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அது உங்கள் துரதிர்ஷ்டம்! சைக்கிளின் மாடல், பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கைவரை எழுதிய நாலு பக்கக் கடிதத்தில் (இங்கே சுருக்கியிருக்கிறோம்) தம்பியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. மூத்தவன் என்றால் கொடுக்கிறவன் என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டுகள் ஒருவன் உங்களுக்காகத் தன் படிப்பைக் கழற்றி வைத்திருக்கிறான் என்றால், அந்த வீட்டில் அதிர்ஷ்டம் இல்லாதவர் நீங்கள் இல்லை.

பந்தயத்தை விடச் சொல்லவில்லை. காலையில் ஓட்டுங்கள், பகலில் ஒரு வேலைக்குப் போங்கள். டயரை நீங்களே பாருங்கள். அதற்கு முன், அடுத்த சேர்க்கை எப்போது, கட்டணம் எவ்வளவு என்று பாலிடெக்னிக் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு வாருங்கள். தம்பியை அனுப்பாதீர்கள், அவன் தூங்கட்டும்.